பூட்டிய அலமாரியைத் திறப்போம்!

(பெர்ன்ஹில்லில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் காய்கறித் தோட்டக் கூலி மக்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காலையிலிருந்து கொட்டிய மழை இப்போதுதான் சற்று ஓய்ந்திருக்கிறது. வேலை விட்ட கையோடு, நனைந்த கம்பளியைக்கூட மாற்றாமல் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். கூலி, போனஸ், ஒழுகும் கூரை ஆகிய விஷயங்களைச் சங்கத் தோழர்கள் பேசுவார்கள். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நாங்கள் ஒரு அலமாரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் இந்த மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. அந்த ஒரு பள்ளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமது நோக்கமல்ல. அங்கே ஓர் அறை. அதில் ஒன்பது குழந்தைகள். ஒருவனுக்குப் பேச்சு வரவில்லை. ஒருத்தி கால் ஊன்றி நிற்க முடியாதவள். இன்னொருவன் ஒரு நொடி ஓரிடத்தில் இருக்கமாட்டான். மூத்த பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். சர்க்கார் பாஷையில் சிறப்புக் கல்வி வகுப்பு என்று அதற்குப் பெயர். ஊர் பாஷையில் என்ன பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். ஊமை, மந்தம், கிறுக்கு என்று வாய் கூசாமல் சொல்கிறோமே, அந்தப் பிள்ளைகளின் அறை அது.

அந்த அறையின் மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரி நின்றது. உள்ளே வண்ண மணிகள், கயிறுகள், வட்டமும் சதுரமும் முக்கோணமும் குடைந்த பலகைகள், அந்தக் குழிகளில் பொருந்தும் கட்டைகள், பட அட்டைகள், முள்முள்ளாக இருக்கும் ரப்பர்ப் பந்துகள். எல்லாம் புத்தம் புதிது. ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்ததாம். கொடுத்த அன்று எடுத்த போட்டோ சுவரில் தொங்கியது. போட்டோவில் துண்டும் மாலையுமாகப் பெரியவர்கள் பதினோரு பேர், குழந்தைகள் இரண்டு பேர். எண்ணிப் பார்த்தோம்.

அலமாரியில் பூட்டு தொங்கியது. பாயில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் கண்ணாடி வழியாக அந்த மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆசிரியையிடம் ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். அவர் ஒரு ரிஜிஸ்தரை எடுத்துக் காட்டினார். மணி 200, கட்டை 48, அட்டை 60 என்று வரிசையாக எழுதியிருந்தது. ‘ஒன்று குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். நானே தொகுப்பூதியத்தில் இருப்பவள். என் வேலையே அடுத்த வருஷம் இருக்குமோ, இருக்காதோ’ என்றார். அந்தப் பெண்மணியின்மேல் நமக்குக் கோபம் வரவில்லை. கூலிக்காரனின் பயம் கூலிக்காரனுக்குத் தெரியாதா? மேஸ்திரி கையில் கணக்கு நோட்டு இருந்தால் நமக்கும் இப்படித்தானே வயிற்றைக் கலக்கும்!

இது ஏதோ ஓர் அறையின் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். இதே பெர்ன்ஹில்லில் நின்று பாருங்கள். மேலே மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனை. கீழே 1908-இல் ஊட்டி வரை வந்து சேர்ந்த மலை ரயில். அந்த ரயிலை 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். ஜன்னலில் தலை நீட்டிப் படம் பிடிப்பவர்கள் மலையைப் பார்க்கிறார்கள், பள்ளத்தைப் பார்க்கிறார்கள், பச்சையைப் பார்க்கிறார்கள். லயன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருப்பதை யார் பார்த்தார்கள்?

நாங்கள் பார்த்தோம். இங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு. ஆறு வயதுப் பையன். கணுக்காலில் பழைய துண்டு சுற்றி, துண்டின் மறுமுனையைக் கட்டில் காலில் கட்டியிருந்தது. தாய் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். மத்தியானம் வந்ததும் எங்களைக் கண்டு கூனிக் குறுகி நின்றாள். ‘கட்டாமப் போனா அடுப்புல விழுந்துருவான் அண்ணே. கட்டிப் போட்டா அழுவான். அழட்டும். உசுரோட இருந்தாப் போதும்’ என்றாள்.

அந்தத் தாய் கொடுமைக்காரியா? சொல்லுங்கள். 50 பெண் தொழிலாளருக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் பெரியவர்கள் அதைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். காப்பகம் இருந்த இடங்களிலும் இப்படிப்பட்ட பிள்ளையை ஆயா ஏற்றுக்கொள்வதில்லை. ‘மற்றப் பிள்ளைகளைக் கடிப்பான்’ என்பார். ‘இவனை வைத்துக்கொண்டால் மற்ற இருபதையும் யார் பார்ப்பது’ என்பார். அதுவும் பொய்யில்லை. ஆக, கடைசியில் அந்தப் பையனுக்குக் கிடைத்தது ஒரு துண்டும் ஒரு கட்டில் காலும்.

இந்தப் பையனுக்கும் அந்தப் பூட்டிய அலமாரிக்கும் உள்ள சம்பந்தத்தைத்தான் சொல்ல வந்தோம்.

கொழுந்து பறிக்கும் தாய்மார்களே! இரண்டு இலை ஒரு மொட்டு என்று உங்கள் விரல் தானாகக் கிள்ளுகிறது. கண் வேறு பக்கம் பார்த்தாலும், வாய் வேறு கதை பேசினாலும் விரல் தவறுவதில்லை. இதை யார் கற்றுக் கொடுத்தார்கள்? புத்தகமா? பக்கத்து நிரையில் நின்ற அத்தையோ சித்தியோ உங்கள் கையைப் பிடித்து இதை எடு, அதை விடு என்று காட்டினார்கள். முதல் நாள் முற்றல் இலையெல்லாம் கூடையில் விழுந்தது. கங்காணி திட்டினான். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. விரல் பழகினால் கண் பழகும், கண் பழகினால் மூளை பழகும். கயிற்றில் மணி கோக்கும் குழந்தைக்கும் இதுதான் நடக்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு மணியைப் பிடிக்கின்றன. அந்தப் பிடிதான் நாளைக்குக் கரண்டியைப் பிடிக்கும், சட்டைப் பொத்தானைப் போடும், பென்சிலைப் பிடிக்கும். சதுரக் கட்டை வட்டக் குழிக்குள் போகாது என்று நாம் வாயால் நூறு முறை சொன்னாலும் புரியாத குழந்தைக்கு, கட்டையே சொல்லிக் கொடுத்துவிடும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த வித்தையல்ல. பிரெஞ்சு தேசத்தில் இட்டார் என்ற வைத்தியர், 1800-ஆம் ஆண்டு வாக்கில், காட்டில் தனியாகத் திரிந்து பேச்சே அறியாதிருந்த ஒரு சிறுவனைக் கூட வைத்துக்கொண்டு பாடம் சொல்லிப் பார்த்தார். அவருக்குப் பின் சேகன் என்பவர், மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று உலகம் ஒதுக்கிய குழந்தைகளுக்காகக் கட்டை, பலகை முதலிய சாதனங்களைச் செய்தார். இவர்கள் இருவர் எழுதியதையும் இத்தாலியில் ஓர் இளம் பெண் டாக்டர் தேடிப் படித்தார். அவர்தான் மரியா மாண்டிசோரி. 1900-இல் ரோமாபுரியில் அப்படிப்பட்ட குழந்தைகளின் பள்ளியை நடத்தும் பொறுப்பில் இருந்தார். அவர் கற்பித்த குழந்தைகள் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையை எழுதித் தேறினார்கள். ஊரார் அவரைப் பாராட்டினார்கள். அவரோ வேறொன்றை யோசித்தார்: குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு கற்றால், நல்ல பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கெடுத்து வைத்திருக்கின்றன!

பிறகு 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற பகுதியில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அது எந்தப் பகுதி தெரியுமா? ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதி. அப்பனும் அம்மையும் வேலைக்குப் போன பின் பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் நாள் முழுவதும் அலைந்துகொண்டிருந்த பகுதி. நம் லயனுக்கு ஓர் அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்த அம்மையார் 1939-இல் சென்னைக்கும் வந்தார். அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தார்.

இன்றைக்கு மாண்டிசோரிப் பள்ளி என்று பெயர்ப்பலகை போட்ட இடங்களைப் பாருங்கள். எத்தனை இடங்களில் நம் பிள்ளையைச் சேர்க்க முடியும்? வாசல் காவல்காரர் நம்மை உள்ளே விடுவாரா? யாருக்காகச் செய்த கட்டை, யார் கையில் இருக்கிறது பாருங்கள். குறையுள்ள பிள்ளைகளுக்காகவும் தொழிலாளியின் பிள்ளைகளுக்காகவும் பிறந்த சாமான் அது. உரியவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாமான் கிடைத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. சோவியத் நாடு இருந்த காலத்தில் மாஸ்கோவுக்குச் சற்றுத் தள்ளி ஜாகோர்ஸ்க் என்ற ஊரில் 1963-இல் ஒரு பள்ளி திறந்தார்கள். கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்ற குழந்தைகளுக்கான பள்ளி. மெஷ்செரியாக்கோவ் என்ற அறிஞர் அங்கே வழிகாட்டினார். அவர் முதலில் எடுத்த சாதனம் என்ன? ஒரு கரண்டி! குழந்தையின் கையில் கரண்டியைக் கொடுத்து, அந்தக் கைமேல் ஆசிரியர் தம் கையை வைத்து, தட்டிலிருந்து வாய்க்குக் கொண்டுபோவார். ஒரு நாள் குழந்தையின் கை தானே கொஞ்சம் அசையும். அந்தக் கணத்தில் ஆசிரியர் தம் பிடியைக் கொஞ்சம் தளர்த்துவார். இன்னும் அசைந்தால் இன்னும் தளர்த்துவார். ஒரு நாள் தம் கையை எடுத்தே விடுவார். சீக்கிரம் எடுத்தால் குழந்தை கரண்டியை எறிந்துவிடும். எடுக்காமலே இருந்தால் குழந்தை ஒருபோதும் தானாக உண்ணாது. எப்போது எடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பள்ளியிலிருந்து படித்து வந்த நான்கு பேர் 1977-இல் மாஸ்கோப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார்கள். ஆரம்பம் ஒரு கரண்டி, அதன்மேல் ஒரு கை, அந்தக் கைக்குரியவரின் பொறுமை.

அந்தக் கைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதை எந்த நன்கொடையாளரும் கொடுப்பதில்லை. மணி கொடுத்தால் போட்டோ எடுக்கலாம். மாதச் சம்பளத்தைப் போட்டோ எடுக்க முடியுமா? சுப்ரீம் கோர்ட் 2021 அக்டோபரில் சொல்லியிருக்கிறது: தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும் என்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 40 சதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. 18 வயது வரை புத்தகம், கற்றல் சாமான், தேவையான கருவிகள் எல்லாம் காசில்லாமல் தர வேண்டும். தர்மம் அல்ல, சட்டம்! ஆனால் அதற்கு மறு வருஷமே, 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, சக்கர நாற்காலிக்கே 5 சதம் வரி போட்டார்கள். நடக்க முடியாதவன் நகர்வதற்கு வரி! மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது.

‘அப்படியானால் நன்கொடையே வேண்டாம் என்கிறீர்களா?’ என்று ஒரு தோழர் அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார். நல்ல கேள்வி. வேண்டாம் என்று யார் சொன்னது? சட்டப்படி சர்க்கார் சாமான் வந்து சேரும்வரை அந்த ஆறு வயதுப் பையன் கட்டில் காலில் இருக்க முடியுமா? நல்ல மனத்தோடு கொடுக்கிறவர்கள் நிறைய உண்டு. பென்ஷனிலிருந்து கொடுக்கிற பழைய வாத்தியார்களைக் கண்டிருக்கிறோம். வரட்டும், வாங்குவோம், நன்றியும் சொல்வோம். வாங்கிக் கொண்டதற்காக உரிமையை விட்டுக் கொடுக்கமாட்டோம்.

கொடுக்கிறவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லுவோம். அந்த அலமாரியின் பட அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். பனிக்கட்டி வீடு, திமிங்கிலம், பெரிய குல்லாய் போட்ட தாத்தா. நம் பிள்ளை எதைக் கண்டது? கொழுந்துக் கூடையைக் கண்டது. காரட் கழுவும் தொட்டியைக் கண்டது. முட்டைக்கோஸ் மூட்டையை, மலை ரயிலை, குரங்கை, காட்டெருமையைக் கண்டது. வீட்டில் படுக பேசும் பிள்ளை, தமிழ் பேசும் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை எல்லாம் ஒரே பாயில் இருக்கின்றன. அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. வாய் திறக்கவே சிரமப்படும் பிள்ளையிடம் வீட்டில் கேட்டிராத சொல்லைக் கொடுத்தால் எப்படி? இன்னொன்று, இந்த மலையின் ஈரம். ஒரு மழைக்காலம் போனால் அட்டை பூஞ்சணம் பிடித்துவிடும், சாதா மரக்கட்டை ஊறி உப்பிக் குழிக்குள் போகாது. பாட்டரி பொம்மையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாட்டரி தீர்ந்த அன்று அது பரணுக்குப் போகும். கொடுக்குமுன் அந்த ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நாங்கள் கேட்டோம். ‘ஒரு நல்ல பாய், மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய், கூடமாட ஓர் ஆயா’ என்றார்.

சரி, அலமாரி என்ன ஆயிற்று?

கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதன் கூட்டத்துக்குப் போகிறோம்? கையெழுத்துக் கேட்டால் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இந்த முறை பெற்றோரோடு பேசி, தாய்மார்கள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். பாதி நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். தீர்மானம் ஒன்றுதான்: வகுப்புச் சாமான்களைக் குழந்தைகள் தினமும் தொட்டு விளையாட வேண்டும், உடைவதும் தொலைவதும் உபயோகத்தில் தேய்ந்ததாகக் கணக்கெழுதப்பட வேண்டும், ஆசிரியை கைக்காசு போட வேண்டியதில்லை. தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். பிறகு அவரும் கையெழுத்திட்டார். எழுதிக் கொடுத்தால் போதும் என்றுதான் அவரும் காத்திருந்தார் போலும்!

அடுத்த நாள் பூட்டு திறந்தது. முதல் வாரத்தில் 14 மணிகள் காணாமற் போயின. இரண்டை ஒரு பிள்ளை சட்டைப்பையில் வீட்டுக்கே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்திருக்கிறது. அது அம்மாவுக்குக் கொடுத்த முதல் சாமான் என்று அந்தத் தாய் அதைத் திருப்பித் தர மனமில்லாமல் நின்றாள். தரவேண்டாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

துண்டில் கட்டியிருந்த பையனும் இப்போது அங்கே வருகிறான். அற்புதம் நடந்துவிட்டது என்று கதை கட்டமாட்டோம். அவனுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. இன்னும் சில நாள் கடிக்கிறான். மணி கோக்க அவனுக்குப் பிடிக்கவில்லை, எறிந்தான். ஆசிரியைதான் கவனித்தார், அவன் ஓயாமல் தன் ஸ்வெட்டர்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறான் என்று. ஒரு பழைய ஸ்வெட்டரின் முன்பக்கத்தை வெட்டி ஒரு மரச்சட்டத்தில் அறைந்து, பெரிய பொத்தான் நான்கு தைத்து அவன் மடியில் வைத்தார். அவன் கைமேல் தன் கையை வைத்தார். ஜாகோர்ஸ்க் கரண்டியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான்கு மாதம் ஆயிற்று. போன வாரம் ஒரு காலை, பனியில், தாய் அவனை விட வந்தபோது அவன் தன் ஸ்வெட்டரில் மேல் பொத்தானைத் தானே போட்டான். கோணலாக, அடுத்த துளையில். அந்தத் தாய் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். அன்று அரை மணி தாமதம். எடை குறைந்தது. ‘போகட்டும்’ என்றாள்.

இப்போது உங்களிடம் கேட்பது இதுதான். இந்தப் பேச்சைப் பத்திரிகையில் படிக்கப்போகும் கோவை, திருப்பூர் மில் தோழர்களிடமும் கேட்கிறோம். காசு கேட்கவில்லை. மில்லில் நூல் சுற்றி முடிந்த காகிதக் கோன்கள் குப்பையில் போகின்றன. பல நிறத்தில், பல அளவில் ஒரு மூட்டை கிடைத்தால் அடுக்கிப் பழகவும் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பழகவும் அதைவிட நல்ல சாமான் இல்லை. வாசலில் கேட்டு, அனுமதியோடு எடுத்து வாருங்கள். பழைய ஸ்வெட்டர், பெரிய பொத்தானோடு, ஜிப்போடு. வயல் தோழர்கள் வீட்டில் பரணில் கிடக்கும் பல்லாங்குழிப் பலகை. பிள்ளை வளர்ந்து சும்மா கிடக்கும் நடைவண்டி. மூன்று சக்கர நடைவண்டியைத் தச்சர் செய்து கொடுத்த நம் ஊரில், நிற்கப் பழகும் பிள்ளைக்கு வெளியிலிருந்து எதை வாங்க வேண்டும்? ஆனால் இரண்டு ஜாக்கிரதை. சாமானை வாயில் போடும் வயதுப் பிள்ளைகள் இருக்கின்றன. புளியங்கொட்டை, சோழி, சின்னப் பொத்தான் எதுவும் வேண்டாம். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பெயர் தெரியாத பெயின்ட் அடித்ததும் வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். மரத்தை நன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிலாம்பு இல்லாமல் கொண்டுவாருங்கள்.

வரும் ஞாயிறு காலை சங்க ஆபீசில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரிக்கிறோம். தச்சு வேலை தெரிந்த தோழர்கள் உளியோடு வரவேண்டும். அந்தக் கால் ஊன்ற முடியாத பெண் பிள்ளைக்கு நாற்காலி ஒன்றை உயரம் குறைக்க வேண்டியிருக்கிறது. அளவு எடுத்து வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள். சத்தம் போட்டுச் சொல்ல வேண்டாம். அந்தத் தாய் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். சிறப்பாசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக்கவும் ஆயா ஒருவரைப் போடவும் கேட்கும் மனு மேடைக்கு வலப்பக்கம் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள், மை இருக்கிறது.